பல்லால் வெட்டிய பத்திரம்

கம்மாபுரம் ஊராட்சி ஒன்றிய அலுவலகமாக இருக்கட்டும், சென்னைக் கோட்டையாக இருக்கட்டும்... அரசாங்க ஆபீஸ் என்றால் ஒரு கேள்வி காதில் விழுந்தே தீரும். 'இண்டென்ட் போட்டாச்சா?'

பேப்பர் வேண்டுமா, பினாயில் வேண்டுமா, பள்ளிக்கூடத்துக்கு சாக்பீஸ் வேண்டுமா... முதலில் இண்டென்ட் போட வேண்டும். போட்டால்தான் சாமான் வரும். (போட்டும் வராமல் போகலாம், அது வேறு கதை!)

இந்த இண்டென்ட்டுக்குள் ஒரு பல் ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? லத்தீன் மொழியில் 'டென்ஸ்' என்றால் பல். பல் டாக்டரை 'டென்டிஸ்ட்' என்கிறோமே, அதே வேர்தான். 'இண்டென்ட்' என்றால் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டுவது என்று அர்த்தம். பல்லுக்கும் பினாயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. அது பினாயிலோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. லட்சக்கணக்கான தமிழர்களைக் கப்பலில் ஏற்றி, திரும்பி வர முடியாத தூரத்துக்கு அனுப்பி வைத்ததும் இதே பல்தான்.

கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம்.

இங்கிலீஷில் வெட்டுவது, பிளப்பது, துண்டு போடுவது சம்பந்தப்பட்ட வார்த்தைகளை எடுத்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அவற்றில் பாதி, கணக்கு வழக்கு வார்த்தைகளாக மாறிவிட்டன. தெருமுனையில் 'ரீடெய்ல்' கடை வைத்திருப்பவர் ஆதியில் வெட்டி விற்கிறவர். முழுத் துணியை வாங்கித் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பவர். 'டெய்லர்' தைப்பவர் அல்ல, வெட்டுபவர். பிரெஞ்சில் 'தாயே' என்றால் வெட்டு. அதிலிருந்து வந்தவர் அவர். 'டீடெய்லா சொல்லுங்க' என்கிறோமே, அந்த டீடெய்லும் அதே குடும்பம். விஷயத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கிச் சொல்வது. 'ஷேர்' என்றால் பங்கு. அதன் வேரிலும் வெட்டுதான் இருக்கிறது.

'ஸ்கோர் என்ன?' என்று டி.வி. முன்னால் உட்கார்ந்து கேட்கிறோம். ஸ்கோர் என்றால் குச்சியில் போடும் வெட்டு. ஆடு மேய்த்தவர்கள் இருபதுக்கு ஒரு வெட்டு போட்டுக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் பழைய இங்கிலீஷில் ஸ்கோர் என்றால் இருபது. இங்கிலாந்தில் கிரிக்கெட் தொடங்கிய காலத்தில் ஓட்டங்களையும் இப்படித்தான் குச்சியில் வெட்டினார்கள். ரன் என்று சொல்வதற்கு முன்னால் அவற்றை 'வெட்டு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். டெண்டுல்கர் அந்தக் காலத்தில் ஆடியிருந்தால் எத்தனை மரம் போயிருக்குமோ!

வெட்டுக்கும் கணக்குக்கும் ஏன் இத்தனை நெருக்கம்? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த உலகத்தில், வெட்டுதான் சாட்சி. மையை அழிக்கலாம். வெட்டை அழிக்க முடியாது.

இதை ஒரு கலையாகவே வளர்த்தது இங்கிலாந்து அரசாங்கத்தின் கஜானா. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து அங்கே ரசீது என்பது ஒரு மரக்குச்சி! 'டாலி' என்று பெயர். (டாலி என்பதும் வெட்டு சம்பந்தப்பட்ட வார்த்தைதான். 'கணக்கு டேலி ஆகலை' என்று நம் கடைக்காரர்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான்.) ஆயிரம் பவுண்ட் என்றால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு. நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுண்ட் என்றால் பார்லி தானியம் அளவு. வெட்டு போட்டு முடித்ததும் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பணம் கட்டியவருக்கு ஒரு பாதி, கஜானாவுக்கு மறு பாதி. பிறகு தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். வெட்டும் பொருந்த வேண்டும், மரத்தின் ரேகையும் பொருந்த வேண்டும். எந்தக் கில்லாடியும் போலி பண்ண முடியாது. பணம் கட்டியவர் கையில் இருந்த பாதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர். இன்றைய ஸ்டாக் மார்க்கெட்டுக்கும் அந்தக் கட்டைக்கும் சொந்தம் உண்டு என்பார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குச்சிக் கணக்கு கைவிடப்பட்டது. மலை மாதிரி குவிந்திருந்த பழைய குச்சிகளை என்ன செய்வது? பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்பில் போட்டு எரிக்கச் சொன்னார்கள். 1834 அக்டோபர் 16-ம் தேதி எரித்தார்கள். அடுப்பு அளவுக்கு மீறிக் கொதித்து, தீ மேலே பரவி, இங்கிலாந்துப் பார்லிமென்ட் கட்டடத்தின் பெரும்பகுதி அன்றிரவே சாம்பலானது. இன்று தேம்ஸ் நதிக்கரையில் நாம் படங்களில் பார்க்கும் கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது.

1834 என்ற வருடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

குச்சியில் செய்ததையே தோலிலும் செய்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் பத்திரம் எழுதுவது பதப்படுத்திய ஆட்டுத்தோலில். இரண்டு பேர் ஓர் ஒப்பந்தம் செய்கிறார்கள் என்றால், ஒரே தோலில் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அதே வாசகத்தை எழுதுவார்கள். நடுவில் இருக்கும் இடத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வார்த்தை. அந்த வார்த்தையின் நடுவே கத்தியை விட்டு, நேராக வெட்டாமல், ரம்பப் பல் மாதிரி வளைத்து வளைத்து வெட்டுவார்கள். ஆளுக்கு ஒரு பாதி. நாளைக்கு ஒருத்தர் 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று கையை விரித்தால், இரண்டு பாதியையும் சேர்த்து வை... பல்லோடு பல் பொருந்துகிறதா, பார்!

பொருந்தினால் நிஜம். பொருந்தாவிட்டால் போலி. இந்தப் பத்திரத்துக்குத்தான் 'இண்டென்ச்சர்' என்று பெயர். பல் வெட்டுப் பத்திரம். 1195 முதல் இங்கிலாந்தில் நில வழக்குகளின் சமரசத்தை ஒரே தோலில் மூன்று தடவை எழுதி, மூன்றாக வெட்டினார்கள். கட்சிக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று. அடித்துண்டு கஜானாவுக்கு. பிற்காலத்தில் ஒரு பொருளை வரவழைக்க இரட்டைப் பிரதியில் எழுதும் கோரிக்கைச் சீட்டுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதுதான் நம் ஒன்றிய ஆபீஸ் இண்டென்ட்!

கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்தத் தத்துவம் சட்டென்று புரியும். பீங்கான் பொம்மைக்குப் பேர் போன ஊர் ஆயிற்றே. ஒரு பீங்கான் தட்டு கீழே விழுந்து இரண்டாக உடைந்தால், அந்த உடைந்த விளிம்பு உலகத்தில் இன்னொரே ஒரு விளிம்போடுதான் பொருந்தும். கிரேக்கர்கள் இதைக் கவனித்தார்கள். நண்பர்கள் பிரியும்போது ஒரு பொருளை உடைத்து ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வார்கள். பேரன் காலத்தில் யாராவது அந்தப் பாதியோடு வந்து நின்றால், பொருத்திப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். அந்த உடைந்த பாதிக்குப் பெயர் 'சிம்பலான்'. இங்கிலீஷ் 'சிம்பல்' அங்கிருந்து வந்ததுதான்.

நம்மிடம் இது இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. தமிழில் 'முறி' என்றால் உடை. 'முறி' என்றால் துண்டு. அதே 'முறி' என்றால் எழுதிக் கொடுத்த பத்திரம் என்றும் அகராதி சொல்கிறது! தமிழ்நாட்டில் நாம் மறந்துவிட்டோம். இலங்கைத் தமிழர்கள் மறக்கவில்லை. அங்கே அரசாங்கக் கடன் பத்திரத்துக்கு இன்றைக்கும் 'பிணைமுறி' என்றுதான் பெயர்.

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே சுந்தரர் சிவபெருமானிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கிய கதையைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்கிறார்.  பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. (ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று கேலி பேசுகிறோமே, இவர் நிஜமாகவே தேடி எடுத்தவர்.) சுந்தரர் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. கொடுத்தது சாட்சாத் கடவுளே என்றாலும், ஆற்றில் போடுவதற்கு முன்னால் பொன்னில் ஒரு சின்னத் துண்டை வெட்டி மடியில் முடிந்துகொண்டார். இதற்கு 'மச்சம்' என்று பெயர். திருவாரூரில் கிடைத்த பொன்னை இந்த மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்தது! மறுபடி பதிகம் பாடி, மாற்றுச் சரியான பிறகே எடுத்துக்கொண்டார். அங்கே மாற்றுரைத்த பிள்ளையாரே இருக்கிறார்.

அதே சுந்தரர் கதையில்தான் இன்னொரு பத்திரமும் வருகிறது. அவருக்குக் கல்யாணம் நடக்கப்போகும் நேரத்தில் ஒரு கிழவர் வந்து நின்று, 'இவன் என் அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது' என்கிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது நகல்தான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. பாட்டனின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது. கிழவர் சிவபெருமான் என்பதால் கதை சுபமாக முடிகிறது.

பத்திரத்தை நீட்டியது கடவுளாக இல்லாமல் கரும்புத் தோட்டத்து முதலாளியாக இருந்தால்?

இப்போது 1834-க்குத் திரும்புவோம்.

அந்த வருடம் மூன்று சம்பவங்கள். ஆகஸ்ட் 1-ம் தேதி பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அக்டோபரில் டாலிக் குச்சிகள் பார்லிமென்ட்டை எரித்தன. நவம்பர் 2-ம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பல், கல்கத்தாவிலிருந்து 36 கூலியாட்களோடு மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தது. அடிமைகள் போன பிறகு கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! அடிமை என்று சொல்லக் கூடாது. அதனால் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்துக்கு வைத்த பெயர் 'இண்டென்ச்சர்'.

மொரீஷியஸுக்கு மட்டும் அடுத்த எழுபது எண்பது வருடங்களில் சுமார் நாலரை லட்சம் பேர் போனார்கள். 1860 நவம்பர் 16-ம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல், மெட்ராஸிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை அந்த நேட்டால் பகுதிக்கு மட்டும் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் வழியாகப் போனவர்கள். தமிழர்கள், தெலுங்கர்கள். வடஆற்காடு, செங்கல்பட்டு, தென்னாற்காடு என்று வறண்ட ஜில்லாக்காரர்கள். விருத்தாசலம், கம்மாபுரம் எல்லாம் அந்தத் தென்னாற்காட்டில்தான் இருந்தன. பக்கத்துப் பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களும் ரியூனியனுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் ஆள் ஏற்றின. 1876-ல் தாது வருடப் பஞ்சம் வந்தபோது, ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டுகள் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. சோறு என்று சொன்னால் போதும்.

நேட்டால் ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. அரிசி, பருப்பு, குடியிருக்க இடம். தோலும் இல்லை, கத்தியும் இல்லை. பல் வெட்டும் வழக்கம் எப்போதோ போய், அச்சடித்த படிவம் வந்துவிட்டது. பெயர் மட்டும் பல்லோடு மிச்சமிருந்தது.

போனது பல் மட்டுமல்ல. பல் வெட்டுப் பத்திரத்தின் உயிர் எங்கே இருந்தது? இரண்டு பாதிக்கும் சம மரியாதை என்பதில். நீ ஏமாற்றினாலும் மாட்டுவாய், நான் ஏமாற்றினாலும் மாட்டுவேன். இந்தப் புதிய இண்டென்ச்சரில் அது இல்லை. சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டால், எஜமானன் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். இண்டென்ச்சர் கூலி வேலையை விட்டால் அது கிரிமினல் குற்றம். ஜெயில்!

இந்த வித்தியாசத்தை விளக்குபவர் காந்தி. 'சத்திய சோதனை'யில் பாலசுந்தரம் என்ற தமிழரைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். காந்தி டர்பனில் வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 1894-ல் அவர் ஆரம்பித்த நேட்டால் இந்தியக் காங்கிரஸ் கைக்குழந்தை. ஒரு நாள், கந்தல் உடையோடு ஒருவர் வந்து நடுங்கியபடி நிற்கிறார். வாயில் ரத்தம். முன்பற்கள் இரண்டு உடைந்திருக்கின்றன. அடித்தவர் அவருடைய வெள்ளைக்கார எஜமானர். காந்தியின் குமாஸ்தா தமிழர் என்பதால் கதை முழுசாகத் தெரியவருகிறது.

பல் வெட்டுப் பத்திரத்தில் கட்டுண்டவருக்குப் பல்லே போயிற்று.

காந்தி அவரை டாக்டரிடம் அனுப்பி சர்ட்டிபிகேட் வாங்கினார். மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். மாஜிஸ்திரேட்டுக்கே கோபம் வந்து எஜமானருக்கு சம்மன் அனுப்பினார். எஜமானரைத் தண்டிப்பது காந்தியின் நோக்கமில்லை. பாலசுந்தரத்தை விடுவிக்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் இருந்த வழிகள் இரண்டே. கூலிகளுக்கான பாதுகாப்பு அதிகாரி ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும், அல்லது வேறு ஆளுக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் எஜமானரே மனமிரங்கி விட வேண்டும். கடைசியில் எஜமானர் மாற்றிக் கொடுக்கச் சம்மதித்தார். காந்தி வேறொரு நல்ல வெள்ளைக்காரரைத் தேடிப்பிடித்து அவரிடம் சேர்த்தார். கவனியுங்கள், பல் போன பிறகும் பாலசுந்தரம் விடுதலை ஆகவில்லை. கைமாறினார், அவ்வளவுதான்.

அந்த அத்தியாயத்தில் இன்னொரு விஷயம். பாலசுந்தரம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். காந்தி முன்னாலும் அப்படியே நின்றார். காந்திக்கு அது உறுத்தியது. முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கட்டிக்கொண்டபோது அந்த முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை காந்தி எழுதியிருக்கிறார்.

செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. அடுத்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்குகிறவர்கள் தலைக்கு வருடம் மூன்று பவுண்ட் வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் நேட்டால் சட்டம் போட்டது. காந்தி கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கணவன், மனைவி, வரி வயசை எட்டிய இரண்டு பிள்ளைகள் என்றால் பன்னிரண்டு பவுண்ட், அதாவது 240 ஷில்லிங். குடும்பத் தலைவரின் சம்பளமோ மாதம் சராசரி 14 ஷில்லிங்கைத் தாண்டாது. வருடத்துக்கு 168. வருமானத்தைவிட வரி ஜாஸ்தி! தப்பிக்க ஒரே வழி, மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பது. 1913 போராட்டத்தில் கூலிகள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தி ஜெயிலுக்குப் போனார்கள். ஜெயிலில் காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ல் உயிரை விட்டபோது வயது பதினாறு. அந்த வருடமே மூன்று பவுண்ட் வரி ஒழிந்தது. இண்டென்ச்சருக்கு ஆள் எடுப்பது 1917-ல் நின்றது. 1920 தொடக்கத்தில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

இங்கிலீஷ் வெட்டு வார்த்தை நம்மைக் கட்டிப்போட்டது என்றேன். தமிழ் வெட்டு வார்த்தை ஒன்றும் அதே வேலையைச் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணியும் அவர் ஆட்களும் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், துரை ஒரு சீட்டு கொடுப்பார். இவர்களுக்கு இவ்வளவு கடன், அதை அடைப்பவரிடம் ஆட்களை அனுப்பத் தயார் என்று அதில் இருக்கும். புதிய துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் மட்டும் ஆட்களின் தலையிலேயே இருக்கும். இந்தச் சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளும் இங்கிலீஷில் 'துண்டு' என்றே எழுதினார்கள். 1921-ல்தான் அதை ஒழித்தார்கள்.

சரி, போனவர்கள்? பெரும்பாலோர் திரும்பவில்லை. நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பதிவேடுகள் தென்னாப்பிரிக்காவில் பத்திரமாக இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வரி. நம்பர், பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம். கடைசியில் ஒரு கட்டம், உடம்பில் உள்ள அடையாளம். அங்கே தழும்பு, இங்கே வெட்டுக்காயம் என்று குறித்திருப்பார்கள். ஆட்டுத்தோலில் வெட்டு போட்ட காலம் போய், ஆளின் தோலில் இருந்த வெட்டே அத்தாட்சி ஆகிவிட்டது.

அவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் அந்த வரியை நகலெடுத்துக்கொண்டு இன்று தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். கையில் இருப்பது 'தென்னாற்காடு ஜில்லா' என்ற வார்த்தை. மேப்பில் தேடினால் கிடைக்காது. 1993-ல் அதைக் கடலூர், விழுப்புரம் என்று வெட்டிவிட்டோம். 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியையும் தனியாகப் பிரித்தாயிற்று. கிராமத்தின் பெயரோ, காதில் விழுந்தபடி ஒரு குமாஸ்தா இங்கிலீஷில் கிறுக்கியது. எந்தக் குப்பம், எந்தப் பாக்கம் என்று புரிவதே பாடு.

ஆனாலும் இவர்கள் கையில் இருப்பது பத்திரத்தின் ஒரு பாதிதான். மறு பாதி இங்கே இருக்கிறது. கோயில் கல்வெட்டில் ஓர் உபயக்காரர் பெயராக, கிராமக் கணக்கில் ஒரு பட்டாவாக, வயசான பாட்டி சொல்லும் 'எங்க தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் கப்பலேறிப் போனவர் வரவே இல்ல' என்ற ஒற்றை வாக்கியமாக.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பாட்டி இருப்பார். அடுத்த முறை போகும்போது அந்தக் கப்பலேறியவரின் பெயர் என்ன, அவர் அப்பா பெயர் என்ன என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்றைக்காவது டர்பனிலிருந்து ஒருத்தர் வந்து வாசலில் நின்றால், பொருத்திப் பார்க்க ஏதாவது வேண்டும் அல்லவா?